அண்ணன்மார் வகுத்த பாடசாலை

குளிர் தணிந்து மாசி பிறந்ததும் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வருகை நிகழும். சென்னையிலிருந்து வரும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் பாட்டியார் வந்து இறங்குவார். வடாமும் அப்பளமும் ஊறுகாய் ஜாடியும் அவருக்கு முன்னே வீடு புகும். பேரக் குழந்தைகளை அணைத்து உச்சி மோந்தபின் அவர் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு: “குழந்தை தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதா?” தாயும் தந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். ஆங்கிலம் இருக்கிறது, இந்தி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, தமிழுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று தயங்கித் தயங்கி விடை வரும். “வெளியில் ஓடி விளையாடுகிறதா?” என்று அடுத்துக் கேட்டால், அதற்கும் அதே விடைதான்.

மும்பை, கொல்கத்தா, நாகபுரி என்று எங்கெங்கோ உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறியுள்ள நேயர்கள் இக்காட்சியை நன்கு அறிவார்கள். ஊரில் இருந்த காலத்தில் குழந்தையை வளர்ப்பது தாய் தந்தையர் இருவர் பொறுப்பாக மட்டும் இருந்ததில்லை. அகரம் எழுதக் கைபிடித்தவர் தாத்தா. கதை சொன்னவர் பாட்டி. ஆற்றில் நீந்தக் கற்பித்தவர் மாமா. வாய்ப்பாடு ஒப்பித்தது சித்தப்பாவிடம். அயலூரில் இவ்வுறவினர் அனைவரும் செய்துவந்த காரியம் இரண்டு பேர் தலையில் விழுந்துவிடுகிறது. அதில் எது நழுவிப் போகிறது, எதை மீட்க இயலும் என்பதை ஆராயப் புகும்போது, வங்காள நாட்டில் ஒரு குடும்பத்தின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைசெய்கிறது. அது கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்னும் பகுதியில் வாழ்ந்த தாகூர் குடும்பம்.

ரவீந்திரநாத தாகூர் 1861-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அவ்வில்லத்தில் பிறந்தார். மகரிஷி எனப் போற்றப்பட்ட தேவேந்திரநாதருக்கும் சாரதாதேவிக்கும் பிறந்து வளர்ந்த மக்களுள் கடைக்குட்டி அவரே. மூத்த தமையனார் துவிஜேந்திரநாதர் தத்துவ ஞானி, கவிஞர். இரண்டாமவரான சத்யேந்திரநாதர் இந்திய சிவில் சர்வீஸில் தேறிய முதல் இந்தியர். மூன்றாமவர் ஹேமேந்திரநாதர். ஐந்தாமவர் ஜோதிரிந்திரநாதர், இசையிலும் நாடகத்திலும் வல்லவர். தமக்கையார் ஸ்வர்ணகுமாரிதேவி நாவலாசிரியை. கவியரசருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1913-இல் என்பதை அனைவரும் அறிவர். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்பதையும் பலர் அறிவர். அவருக்குக் கல்வி புகட்டியவர்கள் பெரும்பாலும் அவருடைய உறவினர்களே என்பதுதான் போதிய அளவு பேசப்படாத செய்தி.

சிறுவன் ரவீந்திரன், தன்னைவிடச் சற்று மூத்த அண்ணன் சோமேந்திரநாதன், தமக்கை மகன் சத்யபிரசாதன் ஆகிய மூவரும் ஒன்றாகக் கற்றனர். மற்ற இருவரும் பள்ளிக்குச் சென்றபோது, தானும் செல்லவேண்டும் என்று ரவீந்திரன் அழுது அடம்பிடித்தான். வீட்டு ஆசிரியர் கன்னத்தில் ஓர் அறை கொடுத்து, பள்ளிக்குப் போக இப்பொழுது அழுவதைவிட, போகாமலிருக்க நாளை நீ மிகுதியாக அழுவாய் என்று கூறினாராம். அதைப் போல் பலித்த தீர்க்கதரிசனத்தைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்று கவிஞர் பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார். ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர் என்று பள்ளிகள் மாறின; எதுவும் அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை.

ஆயினும் வீட்டில் ஒரு பாடசாலை இடையறாது நடந்துகொண்டிருந்தது. அதை வகுத்து நடத்தியவர் மூன்றாம் தமையனார் ஹேமேந்திரநாதர். பொழுது விடியுமுன் சிறுவர்கள் எழுந்து இடுப்பில் துணி வரிந்துகட்டி, ஒற்றைக்கண் மல்லர் ஒருவரிடம் மண்ணில் புரண்டு குஸ்தி பழகவேண்டும். பின்பு கணிதம், வங்க இலக்கியம், இயற்கை விஞ்ஞானம். மாலையில் பள்ளியிலிருந்து திரும்பினால் தேகப்பயிற்சி ஆசிரியர் காத்திருப்பார். அவர் போனதும் சித்திர ஆசிரியர் வருவார். இரவு எண்ணெய் விளக்கின் ஒளியில் ஆங்கிலப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் இசைப் பயிற்சியும் விஞ்ஞானப் பரிசோதனைகளும் நடைபெற்றன. கண்ணாடிப் பாத்திரத்து நீரில் மரத்தூளைக் கலந்து சூடேற்றி, வெந்நீர் மேலெழுவதையும் தண்ணீர் கீழிறங்குவதையும் ஆசிரியர் காட்டியபோது அடைந்த வியப்பைக் கவிஞர் முதுமையிலும் மறக்கவில்லை. மனித உடலின் அமைப்பைக் கற்பிக்க மருத்துவ மாணவர் ஒருவர் வந்தார். கம்பியால் கோத்த எலும்புக்கூடு ஒன்று பாட அறையிலேயே தொங்கிற்று.

இத்தனை பாடங்களும் இனித்தன என்று எண்ணிவிடலாகாது. ஒரு மழைக்கால மாலை. தெருவில் முழங்கால் அளவு நீர் தேங்கி நிற்கிறது. இன்று ஆங்கில ஆசிரியர் வரமாட்டார் என்று சிறுவர்கள் உள்ளம் பூரித்துத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில், மழைக்கு அசையாத கறுப்புக் குடை ஒன்று தெரு வளைவில் தோன்றுகிறது! அந்தக் குடையைக் கண்ட ஏமாற்றத்தைப் படிக்கும்போது, பாடத்துக்கு அஞ்சி மழையை வேண்டிய நம் இளமை நினைவுக்கு வாராதிருக்குமா? குஸ்தியின் மண் மகனுடைய மேனியைக் கறுக்கச் செய்துவிடுமோ என்று அன்னை சாரதாதேவி கவலைப்பட்டார். விடுமுறை நாட்களில் பாதாம் விழுதும் பாலாடையும் ஆரஞ்சுத் தோலும் கலந்து அவன் உடம்பில் தேய்த்துவிடுவாராம். எந்த ஊர் அன்னையும் செய்யக்கூடியதே அது.

ஹேமேந்திரநாதரின் திட்டத்தில் எல்லாவற்றிலும் சிறந்த அம்சம் ஒன்று உண்டு. நாடெங்கும் ஆங்கிலம், ஆங்கிலம் என்ற ஆரவாரம் எழுந்த காலம் அது. அந்நாளில் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தாய்மொழியிலேயே எல்லாம் கற்பிக்கவேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். பூகோளமும் கணிதமும் விஞ்ஞானமும் வங்கமொழி வழியாகவே சிறுவர்களுக்குச் சென்றன. ஆங்கிலம் அதன் பின்னரே வந்தது. தம் மனம் முழுதும் விழித்தெழ அதுவே காரணம் என்று ரவீந்திரர் 1912-இல் நூலாக வெளிவந்த ‘ஜீவன்ஸ்ம்ருதி’ என்னும் தம் நினைவுக் குறிப்பில் எழுதி, அந்தத் தமையனாருக்கு நன்றி செலுத்தினார். உணவை வாயிலிட்டதும் சுவை தெரியவேண்டும், அப்பொழுதுதான் வயிறும் ஆவலோடு ஏற்கும். கல்வியும் அத்தகையதே என்பது அவர் கருத்து. தந்தையார் இட்ட கட்டளையாலோ ஆசிரியர் சொன்ன யோசனையாலோ அன்றி, வீட்டிலிருந்த அண்ணன் ஒருவர் துணிந்து எடுத்துக்கொண்ட பொறுப்பால் விளைந்த பயன் இது. ஹேமேந்திரநாதர் 1884-இல், நாற்பது வயதளவில் காலமானார். தம்பியின் பெரும்புகழைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இனி, வெளி விளையாட்டின் கதைக்கு வருவோம். கல்வியில் இத்துணைக் கவனம் செலுத்திய அவ்வில்லம், திறந்த வெளியைக் குழந்தைக்கு நெடுங்காலம் தரவில்லை. சிறுவர்களின் அன்றாடப் பராமரிப்பு வேலைக்காரர்களிடம் விடப்பட்டிருந்தது. ஷியாம் என்ற வேலையாள் ரவீந்திரனை ஓரிடத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதைத் தாண்டினால் பெருந்தீங்கு நேரும் என்று எச்சரித்துவிட்டுப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த கதி சிறுவனுக்குத் தெரியும். ஆகவே அசையாமல் சன்னலருகே அமர்ந்து, கீழே இருந்த குளத்தையும் அதன் கரையில் விழுது விட்டு நின்ற ஆலமரத்தையும் பார்த்தபடியே பகலைக் கழிப்பான். வேலைக்காரனைக் குறைசொல்லிப் பயனில்லை. பிள்ளைக்கு ஆபத்து நேராமல் காப்பதே அவனுக்கு இட்ட வேலை. உலகத்தைக் காட்டுவது அன்று.

கல்கத்தாவில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது குடும்பத்தினர் கங்கைக் கரையில் பானிஹாட்டித் தோட்ட வீட்டுக்குச் சென்று தங்கினர். ஆறும் படகுகளும் கொய்யா மரங்களும் சிறுவனுக்குப் புத்துலகமாயின. ஆனால் அங்கேயும் ஊருக்குள் செல்ல அனுமதி இல்லை. பெரியவர்கள் ஒருநாள் கிராமத்தைப் பார்க்கப் புறப்பட, அவன் பின்னாலேயே நடந்தான். தகுந்த உடை உடுத்தவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட அழைத்துச் செல்ல ஓர் உறவினர் மனம் வைத்தாலன்றி வெளியுலகம் குழந்தைக்கு எட்டாது என்பதை இச்சிறு நிகழ்ச்சி நன்றாகவே காட்டுகிறது.

அவ்வாறு மனம் வைத்தவர் தந்தையாரே. 1873-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ரவீந்திரனுக்கு உபநயனம் நடந்தது. மழித்த தலையோடு பள்ளிக்குச் செல்ல நாணியிருந்த மகனைத் தேவேந்திரநாதர் அழைத்து, இமயமலைக்கு உடன்வர விருப்பமா என்று கேட்டார். அப்பொழுது மகனுக்குப் பதினொரு வயது. முதலில் போல்பூர், அங்கே மகரிஷி அமைத்திருந்த சாந்திநிகேதன். செம்மண் பள்ளங்களில் தனியே அலைந்து திரிந்து சிறுவன் வண்ணக் கற்களைப் பொறுக்கிவந்து காட்டுவான். இந்தக் குப்பை எதற்கு என்று தந்தை கேட்கவில்லை. மிக நன்று, இவற்றைக் கொண்டு அந்த மேட்டை அலங்கரி என்று ஊக்கினார். தம் பொற்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் மகனிடம் ஒப்படைத்தார். ஆர்வம் மிகுந்து முறுக்கியதில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்கே செல்லவேண்டியதாயிற்று! சில்லறைக் காசுகளுக்குக் கணக்கு எழுதச் சொன்னார். ஒருமுறை செலவு போக இருக்கவேண்டியதைவிட மிகுதியான தொகை கையிருப்பில் இருந்தது. உன்னைப் பொக்கிஷதாராக நியமித்தால் பணம் பெருகும் போலிருக்கிறதே என்று சிரித்தாரேயன்றிச் சினந்துகொள்ளவில்லை.

அமிர்தசரஸில் சில காலம் தங்கிப் பின்னர் டல்ஹௌசி மலைக்குச் சென்றனர். விடியுமுன் எழுப்பிச் சம்ஸ்கிருத இலக்கணம் கற்பித்தல், பிறகு இருவரும் சேர்ந்து உலாவுதல், ஆங்கிலம் படித்தல், பனிபோல் குளிர்ந்த நீரில் நீராடல், இரவில் வானத்தைப் பார்த்து விண்மீன்களை அறிதல் என்று அங்கே நாட்கள் கழிந்தன. பகலில் இரும்புப் பூண் போட்ட தடியை ஏந்தி மலைச்சரிவுகளிலும் தேவதாரு வனங்களிலும் சிறுவன் தனியாகவே சுற்றினான். கால் இடறும் என்று அஞ்சித் தந்தை தடுக்கவில்லை. சுண்ணக்கட்டி வட்டத்துக்குள் அமர்ந்திருந்த அதே பிள்ளைதான் இவன்! வீடு திரும்பியதும், மாலை வேளைகளில் மாடியில் அன்னையைச் சுற்றிக் கூடும் பெண்கள் அவையில், தான் கற்ற வானநூற் செய்திகளையும் வால்மீகியின் சுலோகங்களையும் பெருமையோடு எடுத்துச் சொன்னான். மகன் அன்னைக்கு ஆசிரியன் ஆனான்.

சாரதாதேவி 1875-இல் மறைந்தார். தாயற்ற சிறுவர்களைப் பேணும் பொறுப்பை ஜோதிரிந்திரநாதரின் மனைவியார் காதம்பரிதேவி ஏற்றார். ரவீந்திரரைவிட ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள் மூத்தவரான அவரைச் சிறுவர்கள் ‘புதிய அண்ணி’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். இலக்கியம் பேசவும் எழுதியதைப் படித்துக் காட்டவும் அவரே முதல் துணை. 1884-இல் அவர் இளமையிலேயே மறைந்தது கவிஞர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. ஜோதிரிந்திரநாதரோ தம்பியைச் சரிசமமாக நடத்தினார். தாம் பியானோவில் புதிய மெட்டுகளை இயற்றும்போது தம்பியை அருகிருத்திச் சொற்களைப் பொருத்தச் செய்வார். பத்மா நதிக்கரையிலுள்ள ஷிலைதாவுக்கு அழைத்துச் சென்று, குதிரைக்குட்டியின் மீது ஏற்றி, மேடுபள்ளமான வெளியில் ஓட்டிவரச் சொன்னார். விழமாட்டான் என்று அண்ணன் நம்பியதாலேயே தாம் விழவில்லை என்று 1940-இல் வெளிவந்த ‘செலேபேலா’ என்னும் இளமைக் கதையில் கவிஞர் கூறுகிறார்.

இதற்கிடையில் பள்ளிப் படிப்பு முற்றும் நின்றுவிட்டது. மூத்த தமக்கையார், எங்கள் நம்பிக்கையை எல்லாம் ரவி பொய்யாக்கிவிட்டானே என்று வருந்தினாராம். வீட்டு ஆசிரியர் ஞானசந்திர பட்டாசார்யர் வேறொரு வழி கண்டார். ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தை வங்கமொழியில் பொருள் சொல்லி விளக்கி, அதைச் செய்யுளாக மொழிபெயர்த்து முடிக்கும்வரை மாணவனை அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். பகல் முழுதும் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தத் தண்டனையின் அருமை விளங்குகிறது. பிறமொழியின் செல்வத்தைத் தன் மொழிக்குள் கொண்டுவரும் ஆற்றல், முன்பே தாய்மொழியில் வேரூன்றியவனுக்கே கைவரும். அந்த வேரை ஊன்றியவர் ஹேமேந்திரநாதர் அல்லவா?

பெற்றதைத் திருப்பித் தருவது உறவின் இலக்கணம். 1878-இல் இங்கிலாந்து சென்ற ரவீந்திரர், பிரைட்டன் நகரில் தங்கியிருந்த அண்ணியார் ஞானதானந்தினிதேவியின் குழந்தைகளான சுரேந்திரநாதனுக்கும் இந்திராவுக்கும் விளையாட்டுத் தோழரான சிற்றப்பா ஆனார். ஞானதானந்தினிதேவியோ, வீட்டுப் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் வேண்டும் என்று 1885-இல் ‘பாலக்’ என்னும் சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். ஓவியராகிய அவனீந்திரநாதரைப் பார்த்து, நீ குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைச் சொல்லுகிறபடியே எழுது என்று தூண்டியவர் அவருக்குச் சிற்றப்பா முறையான ரவீந்திரரே. 1895-இல் வெளிவந்த ‘சகுந்தலா’வும் அடுத்த ஆண்டில் வந்த ‘க்ஷீரேர் புதுல்’ என்னும் கதையும் அத்தூண்டுதலின் கனிகள்.

தம் சொந்த மக்களைக் கவிஞர் ஷிலைதாவில் வீட்டிலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்பிக்க லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் இருந்தார். பட்டுப்புழு வளர்ப்பில் பித்துக்கொண்டவர் அவர். விஞ்ஞானம் கற்பித்தவர் ஜகதானந்த ராய். விடுமுறை நாட்களில் அங்கு வந்து தங்கும் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், பத்மா நதியின் மணல்திட்டுகளில் ஆமை முட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சிறுவன் ரதீந்திரநாதனுக்குக் காட்டிக்கொடுத்தார். அவர் இரத்த உறவினர் அல்லர். ஆனால் மாமன் செய்யும் காரியத்தைச் செய்தார்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்களோடு சாந்திநிகேதனில் ஒரு பள்ளி தோன்றியது. அவர்களுள் ஒருவன் ரதீந்திரநாதன். மரநிழலே வகுப்பறை. கவிஞரின் துணைவியார் மிருணாளினிதேவி தம் நகைகளை விற்று உதவினார். பிள்ளைகளுக்கு அன்னையாயிருந்து அன்னமிட்டார். மறு ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார். பள்ளி வளர்ந்தது; 1921-இல் விசுவபாரதியாக விரிந்தது; 1951-இல் மத்திய சர்க்கார் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்வி வரலாற்றில் இது புதுமை எனப் போற்றப்படுகிறது. எனினும் அண்ணன் தந்த தாய்மொழி, தந்தை தந்த திறந்தவெளி, அண்ணி தந்த பரிவு ஆகிய மூன்றையும், அவற்றைத் தர உறவினர் அருகில் இல்லாத பிள்ளைகளுக்கும் அளிக்க எடுத்த முயற்சியே அது என்று கொண்டால் பிழையாகாது.

இவ்வரலாற்றில் குறைகள் இல்லாமல் இல்லை. அது செல்வர் வீடு. பாடத்துக்கு ஓர் ஆசிரியரை அமர்த்த அவர்களால் முடிந்தது. அவ்வில்லத்துப் பெண்மக்கள் கற்றார்கள். ஆயினும் மலையும் ஆறும் குதிரையும் ஆண்பிள்ளைகளுக்குப்போல் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. பள்ளியை வெறுத்த பிள்ளைகள் அனைவரும் ரவீந்திரர் ஆகிவிடுவதும் இல்லை. இன்று 6 வயது முதல் 14 வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாகும். அந்த உரிமையைக் கைவிட்டு வீட்டோடு இருக்கச் சொல்வது என் கருத்தன்று. பள்ளி செய்வதைப் பள்ளி செய்யட்டும். பள்ளியால் இயலாததைச் செய்யவேண்டியவர் யார் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 350-ஏ விதி, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்கிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட விதி அது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தார் தலைநகரில் பள்ளிகள் நடத்தித் தமிழ் கற்பித்து வருவது நமது பேறு. எனினும் ஊருக்கு ஊர் அத்தகைய பள்ளி இல்லை. இருக்கும் ஊரிலும் அனைவருக்கும் எட்டும் தொலைவில் இல்லை. அங்கெல்லாம் ஹேமேந்திரநாதர்கள்தாம் தேவை.

என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறுகிறேன். என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஊரிலிருந்து அவளுடைய தாத்தா தம் கைப்படக் கடிதம் எழுதியிருந்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, “அப்பா, இதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்” என்றாள். இருபது ஆண்டுகளாகச் சர்க்கார் காகிதங்களைத் தமிழாக்கி வந்தவன் நான். தாத்தா பேத்திக்கு எழுதிய தமிழ்க் கடிதத்துக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருந்தது! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவ்வாண்டு என் மைத்துனர் ஒரு பயிற்சியின் பொருட்டு இரண்டு மாதம் எங்களுடன் வந்து தங்கினார். மருமகளை உட்காரவைத்துப் பாடம் நடத்த அவர் முயலவில்லை. மாலைதோறும் கைபிடித்து வெளியே அழைத்துப் போனார். தில்லிச் சாலைகளில் நிற்பவை அயல்நாட்டு மரங்களா என்ன? வேம்பும் அரசும் மருதமும் நாவலுமே நிற்கின்றன. ‘ஜாமுன்’ என்று அவள் அறிந்திருந்த மரத்தை ‘நாவல்’ என்று காட்டி, உதிர்ந்த இலையின் மீது குச்சியால் நா, வ, ல் என்று கீறச் செய்தார். நாளைக்கு ஒரு மரம். மரத்துக்கு இரண்டு மூன்று எழுத்து. பாண்டி ஆடக் கட்டம் கிழித்தால், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஓடி விளையாடியதும் ஆயிற்று, எழுத்தும் வந்தது. அவர் ஊருக்குப் புறப்படுமுன் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்றோம். முகப்பில் பெரிதாக எழுதியிருந்த தமிழ் எழுத்துகளை என் மகள் ஒவ்வொன்றாகக் கூட்டி உரக்கப் படித்தாள். அருகில் நின்ற முதியவர் ஒருவர், “எந்த ஊர் அம்மா நீ?” என்று அவளைக் கேட்டார். “தில்லி” என்று அவள் தமிழில் விடை சொன்னாள்.

நேயர்களே, அடுத்த முறை பாட்டியோ சித்தியோ மாமாவோ உங்கள் இல்லத்துக்கு வரும்போது, அவர்களை விருந்தினராக மட்டும் உட்காரவைத்துவிடாதீர்கள். செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காட்டிய பிறகு எஞ்சும் நாட்களில், குழந்தையை அவர்கள் கையில் ஒப்படையுங்கள். உறவினர் வர இயலாத வீடுகளில், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெரியவர் ஒருவரே தாத்தா ஆகலாம். பத்மா நதி மணலில் ஜகதீச சந்திர போஸ் அவ்வாறு ஆகவில்லையா? என் மகள் தாத்தாவுக்கு எழுதிய முதல் விடைக்கடிதத்தில் ஐந்து வரிகள் இருந்தன. ஏழு பிழைகள் இருந்தன. நான் திருத்த எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு, அதை அப்படியே உறையிலிட்டு அனுப்பினேன்.